தூதரைத் தடுத்து வைக்காத மாநபி: அபூ ராஃபிஃ (ரலி) வாழ்வு தரும் பாடம்



இஸ்லாத்தைத் தேடி வந்த ஒருவரை, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஏன்? அந்த மனிதரின் வாழ்வைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அவர்தான் அபூ ராஃபிஃ (ரலி). அஸ்லம் என்பது இயற்பெயர் என்பதே பிரபலமான கருத்து. கிப்தி இனத்தவர். அப்பாஸ் (ரலி) அவர்களிடம் அடிமையாக இருந்தவர்.

மக்கத்துக் குறைஷிகள் ஒருமுறை அவரைத் தூதராக நபியவர்களிடம் அனுப்பினார்கள். வந்தவர் அந்தத் திருமுகத்தைப் பார்த்தார். உள்ளத்தில் ஈமான் புகுந்தது. இனி அவர்களிடம் திரும்பிப் போகவே மாட்டேன் என்றார். நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் தக்பீர் முழங்கி அவரை அணைத்துக் கொண்டிருப்போம். ஆனால் நபியவர்கள், தாம் ஒப்பந்தத்தை முறிப்பவரல்ல, தூதர்களைத் தடுத்து வைப்பவருமல்ல என்றார்கள். இப்போது திரும்பிச் செல்லுங்கள், உள்ளத்தில் இருப்பது அங்கே போன பின்பும் நிலைத்திருந்தால் வாருங்கள் என்று அனுப்பி வைத்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! போன இடத்தில் அவர் தடுக்கப்பட்டிருக்கலாம், மனம் மாறியிருக்கலாம். இருந்தும் அனுப்பினார்கள். தூதர் என்பவர் பதிலைக் கொண்டு போக வேண்டியவர். அவரை வைத்துக் கொண்டால், அனுப்பியவர்களுக்குச் செய்த துரோகமாகிவிடும். அதன் பிறகு எந்தச் சமுதாயம் தூதரை நம்பி அனுப்பும்? அபூ ராஃபிஃ (ரலி) போனார்கள், திரும்பி வந்தார்கள், முஸ்லிமானார்கள்.

பொய்யன் முஸைலமாவின் தூதர்கள் இருவர் நபியவர்களின் முன்னிலையிலேயே அவனை நபி என்றார்கள். தூதர்கள் கொல்லப்படுவதில்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களும் உயிருடன் திரும்பினார்கள். அதே சமயம், நபியவர்களின் தூதர் ஹாரிஸ் பின் உமைர் (ரலி) ஷாம் எல்லையில் கொல்லப்பட்டபோது, ஹிஜ்ரி 8-ல் 3000 வீரர்கள் முஃதாவுக்குப் புறப்பட்டார்கள். தூதரின் உயிர் அவ்வளவு கனமானது!

அப்பாஸ் (ரலி) அபூ ராஃபிஃ அவர்களை நபியவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அப்பாஸ் (ரலி) இஸ்லாத்தை ஏற்ற நற்செய்தியை அவர் சொன்னபோது, நபியவர்கள் அவரை விடுதலை செய்தார்கள். நபியவர்களின் மகன் இப்ராஹீம் பிறந்தபோது மருத்துவம் பார்த்தவர் அவருடைய மனைவி ஸல்மா (ரலி). மகன் உபைதுல்லாஹ் பின்னாளில் அலீ (ரலி) அவர்களின் எழுத்தரானார்.

ஒருமுறை நபியவர்கள் கடனாக வாங்கிய இளம் ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அபூ ராஃபிஃ அவர்களிடம் வந்தது. அதைவிடச் சிறந்த ஒட்டகமே இருந்தது. அதையே கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பாடம் அவர் உள்ளத்தில் தங்கியது. பிற்காலத்தில் தம் வீட்டின் பகுதியை அண்டை வீட்டார் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு விற்றார்கள். வேறிடத்தில் 500 தீனார் ரொக்கமாகக் கிடைக்க இருந்தும், 4000 திர்ஹத்திற்குத் தவணையில் கொடுத்தார்கள். அண்டை வீட்டாருக்கே முதல் உரிமை என்று நபியவர்கள் சொல்லிக் கேட்டதுதான் காரணம்.

அன்பானவர்களே! 1961-ல் உருவான வியன்னா உடன்படிக்கை, தூதர்களைக் கைது செய்யக்கூடாது, தூதரகத்தைத் தாக்குதலிலிருந்து காப்பது அந்த நாட்டு அரசின் கடமை என்கிறது. ஒரு நாட்டின் மீது கோபம் வரலாம். அதற்காகத் தூதரகத்தின் மீது கல்லெறிபவர், அபூ ராஃபிஃ அவர்களைத் திருப்பி அனுப்பிய நபியின் வழியில் இல்லை. நாம் கொடுத்த வாக்கு எதிரிக்கானாலும் வாக்குதான்.

வாக்கையும் அமானிதத்தையும் காப்பவர்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.