பெருந்தலைவர் எம்.சி.ராஜா: இடம் கிடைத்தது, தேர்ந்தெடுத்தது யார்?

சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்து படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். விடுதியின் பெயரை நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் என்ன செய்தார் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பூனா ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது, அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக நின்றவர் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்களும் உண்டு. அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட வாழ்க்கை இருக்கிறது. வாக்குப் போடும் முறை மாறினால் அரசியலே எப்படி மாறிப்போகும் என்பதை அந்த வாழ்க்கையை வைத்தே நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆசிரியர் சட்டசபைக்குப் போனார்

எம்.சி.ராஜா 1883-ம் ஆண்டு சென்னை பரங்கிமலையில் பிறந்தார். மயிலை சின்னத்தம்பி ராஜா என்பது முழுப்பெயர். மிஷன் பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார். நம் மக்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது.

ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகப் பொதுவாழ்வில் கால் வைத்த அவர், 1920-ல் சென்னை மாகாண சட்டசபையில் நீதிக்கட்சி அணியில் இடம்பெற்றார். அன்றைய வாக்குரிமை எப்படி இருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. நிலமில்லாத கூலிக்காரருக்கு ஓட்டு இல்லை. ஆகவே தாழ்த்தப்பட்ட மக்களுக்காக என்று சட்டசபையில் வைக்கப்பட்ட இடங்களை அரசே நியமனம் செய்து நிரப்பியது. நியமனம் பெற்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரை அங்கே உட்காரவைத்தது கவர்னர்தான். சேரி மக்களுக்கு அவரைக் கேள்வி கேட்கவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை.

அந்த எல்லைக்குள்ளேயே அவர் வேலை செய்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 1922-ல் அரசாணையும் வந்தது. இன்று நம் சாதிச் சான்றிதழில் இருக்கும் ஆதிதிராவிடர் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது.

நீதிக்கட்சியுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1921-ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனதால்தான் வினை வந்தது என்று கட்சித் தலைமை நம் மக்கள் மீதே பழி போட்டது. பிராமணரல்லாதார் எல்லோருக்குமான கட்சி என்று சொல்லப்பட்டாலும், அதன் தலைமையில் இருந்தவர்கள் ஜமீன்தார்கள், மிராசுதார்கள், பெரும் வியாபாரிகள். கூலிக்காரரின் குரல் அந்தக் கட்சிக் கூட்டங்களில் கடைசி வரிசையில்தான் இருந்தது. 1923-ல் ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

வெளியேறியவருக்குப் போய்ச் சேர வேறு கட்சி இல்லை. அவரிடம் இருந்தவை சங்கம், மனு, மேடை. அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சங்கத்துக்குத் தலைவரானார். 1927-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சைமன் குழுவோடு சேர்ந்து வேலை செய்ய அமைக்கப்பட்ட இந்திய மத்தியக் குழுவிலும் உறுப்பினரானார். இந்தியா முழுவதும் தெரிந்த தலைவராக வளர்ந்தார். ஆனால் ஊருக்கு ஊர் கிளையும், வாக்குக் கேட்கும் தொண்டர்களும் உள்ள கட்சி ஒன்று அவருக்குக் கடைசிவரை அமையவில்லை.

எந்த வாக்குமுறை?

1930-ல் லண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. அங்கே பெரிய கேள்வியாக எழுந்தது தனி வாக்காளர் முறை. இதை இன்றைய தனித்தொகுதியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்குப் போடுவது தொகுதியில் உள்ள எல்லோரும். தனி வாக்காளர் முறையில் வேட்பாளரும் நம்மவர், அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் நம்மவர் மட்டுமே. முதல் முறைக்குக் கூட்டுத் தொகுதி என்று பெயர். யார் வாக்கில் ஒருவர் ஜெயிக்கிறாரோ, அவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். வித்தியாசம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ராஜாவும் தனி வாக்காளர் முறையைத்தான் ஆதரித்தார். 1932 தொடக்கத்தில் நிலையை மாற்றிக்கொண்டு, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு இடங்கள், அவற்றுக்குக் கூட்டுத் தொகுதியில் தேர்தல் என்பது அதன் சாரம். தனியே வாக்களித்தால் நம் மக்கள் இந்து சமுதாயத்துக்கு வெளியே நிரந்தரமாக நின்றுவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். கிராமத்தில் நிலமும் கூலியும் சாதி இந்துக்களின் கையில் இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால், அந்த அச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நம் ஓட்டு வேண்டாம் என்றால் மற்ற வேட்பாளர்கள் சேரிப் பக்கம் எதற்காக வருவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதுதான். அதே சமயம் பல ஆதிதிராவிட அமைப்புகள் இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தன. நம் மக்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்.

1932 ஆகஸ்ட் 16-ல் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு வெளியானது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனியே தேர்ந்தெடுக்கும் இடங்கள் 71 தரப்பட்டன. அதற்கு மேல் பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு ஒரு வாக்கு உண்டு. இதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா மூவரும் கையெழுத்திட்டார்கள். இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. தனி வாக்காளர் முறை கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக இரண்டு கட்டத் தேர்தல் வந்தது. முதல் கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம். சேரி மக்களிடம் 1,000 வாக்கு வாங்கி முதலாவதாக வந்தவரும், 100 வாக்கு வாங்கி நான்காவதாக வந்தவரும் இரண்டாம் கட்டத்தில் சமமாக நிற்பார்கள். அங்கே வாக்காளர்களில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். அவர்கள் நான்காவது ஆளை விரும்பினால் அவரே உறுப்பினர். போட்டியிடுவோர் நான்கு பேருக்கு மேல் இல்லையென்றால் முதல் கட்டத் தேர்தலே கிடையாது.

கட்சி வந்தது

1937-ல் புதிய சட்டப்படி தேர்தல் நடந்தது. சென்னை மாகாணத்தின் 30 ஒதுக்கீட்டு இடங்களில் 26-ஐக் காங்கிரஸ் பிடித்தது. அந்தக் கட்சிக்கு ஊரிலும் தாலுகாவிலும் மாவட்டத்திலும் கமிட்டிகள் இருந்தன, பணம் இருந்தது, காந்தியின் பெயர் இருந்தது. யார் வேட்பாளர் என்பதை மேலே இருந்த தலைமை முடிவு செய்தது. சங்கமும் மனுவும் மட்டுமே வைத்திருந்த தலைவர்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

காங்கிரஸ் உடனே பதவியேற்க மறுத்ததால், ஏப்ரல் முதல் ஜூலை வரை கே.வி.ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரிசபை இருந்தது. அதில் ராஜா அபிவிருத்தித் துறை மந்திரியானார். ஜூலையில் ராஜாஜி பிரதமரானார். மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

1938-ல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, சாலை, பொது இடங்களில் நம் மக்களைத் தடுப்பது குற்றம் என்றது முதல் மசோதா. அரசு ஆதரவோடு அது சட்டமானது. கோயில் நுழைவுக்கானது இரண்டாவது மசோதா. ராஜாஜி அதற்கு உடன்படவில்லை. முதலில் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் என்றார். அங்கேயும் கோயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதைச் சாதி இந்து வாக்காளர்களின் பெரும்பான்மையே முடிவு செய்யும்.

ராஜா விடவில்லை. காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற அறிவுரைதான் திரும்பி வந்தது. மசோதா ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் தோற்றது. ஒதுக்கீட்டு இடங்களில் வென்று வந்த காங்கிரஸ் உறுப்பினர்களால் கட்சிக் கட்டுப்பாட்டை மீறி அவர் பக்கம் வர முடியவில்லை. நம்மவர்கள் சபையில் இருந்தார்கள். முந்தைய காலத்தைவிட அதிகமாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இடம் கொடுத்தது கட்சி, ஜெயிக்கவைத்தது மற்றவர்களின் வாக்கு.

மறு ஆண்டு, 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தார்கள். அதைத் தொடர்ந்து அரசு சட்டமும் செய்தது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் நேரத்தையும் அளவையும் முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். நம் உரிமைக்காக நம் பிரதிநிதி கொண்டுவந்த மசோதா, நம் பிரதிநிதிகள் அமர்ந்திருந்த சபையிலேயே தோற்ற வலி ராஜாவுக்கு ஆறவில்லை.

திரும்பி வந்தவர்

கூட்டுத் தொகுதியை நம்பி ஒப்பந்தம் போட்டவர், அதன் பலனை ஆறே ஆண்டுகளில் நேரில் பார்த்துவிட்டார். தான் எடுத்த நிலை தவறாகிப்போனால் மூடி மறைக்கும் அரசியல்வாதிகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ராஜா மறைக்கவில்லை. அம்பேத்கரை நோக்கித் திரும்பினார். 1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழு டெல்லிக்கு வந்தபோது இருவரும் சேர்ந்தே கிரிப்ஸைச் சந்தித்தார்கள். அந்தத் திட்டம் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை என்று இருவரும் சேர்ந்து கடிதம் கொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் அவர்கள். மறு ஆண்டு, 1943-ல் ராஜா காலமானார். வயது 60.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ராஜாவின் காலத்தில் கனவிலும் கிடைக்காத உரிமை அது. ஒதுக்கீட்டு இடங்களும் தொடர்ந்தன, ஆனால் கூட்டுத் தொகுதி முறையில்தான். பூனா ஒப்பந்தத்தின் முதல் கட்டத் தேர்தல்கூட இப்போது இல்லை. இன்று தமிழக சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு உரியவை. அங்கெல்லாம் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். 1938-ல் கட்சிக் கட்டுப்பாடாக இருந்தது இன்று சட்டமாகவே இருக்கிறது.

ஊராட்சியிலும் இதே கதைதான். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின் 1996 முதல் 2006 வரை என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். வேட்புமனுவே போடவிடாமல் தடுத்தார்கள். இல்லையென்றால் ஊர்ப் பெரியவர்கள் ஓர் ஆளை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, பதவியேற்றதும் ராஜினாமா செய்யவைத்தார்கள். இடம் நம்முடையதாக இருந்தாலும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அதற்காக ஒதுக்கீடு வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த வாசலும் திறந்திருக்காது. வாசலுக்குள் யாரை அனுப்புவது என்பதில் நமக்கும் பங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அடுத்த தேர்தலில் நம் தனித்தொகுதிக்கு ஒரு பெயர் அறிவிக்கப்படும்போது, கட்சிகளில் இருக்கும் நம் இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கிளைக் கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும். இந்தப் பெயரை முடிவு செய்வதற்கு முன் நம் தெருவில் யாரைக் கேட்டீர்கள்? எம்.சி.ராஜா விடுதியில் தங்கிப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் அந்தக் கேள்வியை முதலில் எழுப்பினால், விடுதியின் பெயருக்கு உரியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு இருக்காது.