பிரான்சிசு கில்வர்ட்

இராபர்ட் பிரான்சிசு கில்வர்ட் (டிசம்பர் 3, 1840 - செப்டம்பர் 23, 1879) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவரும் நாட்குறிப்பு எழுத்தாளரும் ஆவார். வேல்சு - இங்கிலாந்து எல்லைப்பகுதியில், வை ஆற்றின் பள்ளத்தாக்கிலுள்ள சிற்றூர்க் கோயில்களில் இவர் பணியாற்றினார். இறந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே இவரது பெயர் வெளியுலகிற்குத் தெரியவந்தது.

வாழ்க்கை

வில்ட்சயரில் சிப்பனம் நகரை அடுத்த ஊரொன்றில் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்சுபோர்டின் வாதம் கல்லூரியில் பயின்றார். 1865 முதல் 1872 வரை கிளைரோ என்னும் ஊரில் உதவிக் குருவானவராக இருந்தார். பள்ளியில் கற்பிப்பதும், மலைப்பண்ணைகளுக்கு நடந்தே சென்று முதியோரையும் நோயாளிகளையும் காண்பதும் இவரது அன்றாடப் பணிகள். அண்டை ஊர்க் குருவானவரின் மகளை மணக்க விரும்பியபோது, போதிய வருவாய் இல்லாமை தடையாயிற்று. பின்னர் தந்தையிடம் உதவிக் குருவானவராகத் திரும்பி, 1876 இல் செயின்ட் ஆர்மன் ஊரின் குருவானவரானார்.

1877 இல் பிரட்வர்டைன் பங்கை ஏற்றார். ஆற்றங்கரையிலுள்ள இவ்வூர்க் கோயில் நார்மானியர் காலத்தது; அதன் சுவரின் ஒரு பகுதியில் கற்கள் மீன்முள் வடிவில் அடுக்கப்பட்டுள்ளன. ஆகத்து 20, 1879 இல் எலிசபெத் ரோலண்டை மணந்தார். தேனிலவிலிருந்து திரும்பிய சில நாட்களில், வயிற்றறை உறை அழற்சியால் 38 ஆவது வயதில் இறந்தார். அக்கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1911 இல் இறந்த மனைவியும் அங்கேயே அடக்கமானார். ஆனால் கணவரின் கல்லறைக்கு இருபுறமும் ஏற்கனவே வேறு கல்லறைகள் அமைந்துவிட்டதால், அவருக்குச் சற்றுத் தொலைவிலேயே இடம் கிடைத்தது.

நாட்குறிப்பு

1870 முதல் 1879 வரை எழுதப்பட்டது. கோயில் கட்டடங்களைவிட அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களே இதில் நிறைந்துள்ளனர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய மாலையில் ஊரார் கல்லறைகளை மலர்களால் அணி செய்யும் வழக்கம், வறிய முதிய போர்வீரர் ஒருவரின் தோட்டவேலை, வெள்ளம், உறைபனி ஆகியவை நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. சிறுமியரைப் பற்றிய சில பகுதிகள் இன்றைய வாசகருக்கு நெருடலைத் தருவன.

சில பகுதிகளை மனைவியே அழித்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. எஞ்சிய 22 குறிப்பேடுகளிலிருந்து வில்லியம் புளோமர் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1938 - 1940 காலத்தில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. மூலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அச்சேறியது. முழுவதையும் பின்னர் பதிப்பிக்க வாய்ப்பில்லாமற் போயிற்று. குறிப்பேடுகளை வைத்திருந்த முதிய உறவினர் ஒருவர் 1950களில் அவற்றுட் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார். தப்பியவை மூன்று மட்டுமே. இரண்டு வேல்சு தேசிய நூலகத்திலும், ஒன்று டர்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன.