தோல் கடைக் குமாஸ்தா தளபதியான கதை

தோல் பதனிடும் இடத்தின் பக்கமாக ஒருமுறை நடந்து போனவர்களுக்குத் தெரியும், அந்த வாடை எப்படிப்பட்டது என்று. அந்த வாடையிலே வளர்ந்து, அதை வெறுத்து வெளியேறி, போன இடமெல்லாம் தோற்று, 38-வது வயதில் தந்தையின் தோல் கடைக்கே குமாஸ்தாவாகத் திரும்பி வந்தார் ஒருவர். அங்கே கடையை நடத்தி வந்தவர்கள் யார்? அவருடைய தம்பிமார்! அண்ணன், தம்பிகளுக்குக் கீழே கணக்கு எழுதினார். ஆண்டு 1860.

நாலே ஆண்டுகள். அந்தக் குமாஸ்தா ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் தலைமைத் தளபதி! அடிமை முறையை அமெரிக்க மண்ணிலிருந்து அகற்றிய போரை முடித்து வைத்தவர். யூலிசிஸ் கிராண்ட் என்பது பெயர்.

அவரைப் பற்றி ஒரு பழிச்சொல் உண்டு. கசாப்புக்காரர் என்பது அது. ஆட்பலம் அதிகம், அதைக் கொட்டி அழித்து வென்றார், அதிலே மூளைக்கு வேலை ஏது என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அது உண்மைதானா? பார்ப்போம், தோழர்களே.

1822-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார் கிராண்ட். தந்தை தோல் பதனிடுபவர். மகனை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு அனுப்பினார். 39 பேர் தேறிய வகுப்பில் மகனுக்கு 21-வது இடம். குதிரை ஏற்றத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

1846-ல் மெக்சிகோவுடன் போர் மூண்டது. வலியவன் எளியவன் மீது தொடுத்த அநியாயப் போர் அது என்று கிராண்ட் பின்னாளில் எழுதி வைத்தார். ஆனாலும் கற்க வேண்டியதை அங்கேதான் கற்றார். ஜக்கரி டெய்லர் என்ற தளபதி பகட்டுடை அணியாமல் சிப்பாயோடு சிப்பாயாகப் பழகியதைக் கண்டார். வின்ஃபீல்ட் ஸ்காட் என்ற தளபதி, தளத்தோடு இருந்த தொடர்பை அறுத்துக் கொண்டு எதிரி நாட்டிலேயே உணவு தேடி, மெக்சிகோ நகரம் வரை படை நடத்தியதைக் கண்டார். கிராண்டுக்குக் கிடைத்த வேலையோ தளவாடப் பொறுப்பு. கழுதைகளை ஓட்டுவது, மாவு மூட்டையை எண்ணுவது, கூடாரத்தைக் கட்டிச் சுமப்பது. போர் என்பது வாள் சுழற்றுவது மட்டுமல்ல, வயிற்றுக்குச் சோறும் வண்டிக்குச் சக்கரமும் கூட என்பதை மூட்டை எண்ணியே அறிந்தார்.

பிறகு இறங்குமுகம். மனைவி மக்களைப் பிரிந்து மேற்குக் கோடியிலே தனிமை, குடிப்பழக்கம் என்ற பேச்சு. 1854-ல் வேலையை விட்டார். செயின்ட் லூயி நகரத்துக்கு அருகே உழுதார், விளையவில்லை. விறகு வெட்டி வண்டியிலேற்றி நகரத் தெருக்களில் கூவி விற்றார். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த வறுமையிலும் ஒன்று செய்தார். மனைவி வீட்டார் அடிமைகளை வைத்திருந்தவர்கள். கிராண்டின் பெயரிலும் வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை ஒருவர் இருந்தார். விற்றால் கைநிறையப் பணம். விற்கவில்லை. 1859-ல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து அனுப்பி விட்டார்.

1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை உழைப்பிலே கொழுத்த தென் மாநிலங்கள் பிரிந்து போயின. லிங்கன் 75,000 தொண்டர்களை அழைத்தார். தோல் கடையிலிருந்து கிராண்ட் எழுந்தார். ஒழுங்குக்கு வராத ஒரு தொண்டர் படைக்குக் கர்னல் ஆனார்.

மிசௌரியிலே எதிரி முகாமை நோக்கி முதன்முதலாக அந்தப் படையை நடத்திச் சென்றபோது, குன்றின் மேலே ஏற ஏற நெஞ்சு தொண்டைக்கு வந்து விட்டதாம். திரும்பிப் போகலாமா என்று கூடத் தோன்றியதாம். உச்சிக்குப் போய்ப் பார்த்தால் முகாம் காலி! எதிரித் தளபதி முன்னமே ஓடி விட்டிருந்தார். நான் அவனைக் கண்டு அஞ்சிய அளவு அவனும் என்னைக் கண்டு அஞ்சியிருக்கிறானே என்ற உண்மை அன்று கிராண்டுக்குப் பட்டது. வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, அன்றைய போர் முறையைப் பார்க்க வேண்டும். முதல் தளபதி வாஷிங்டன் காலத்தில் படை சிறிது, காசு இல்லை. படையை அழிய விடாமல் பின்வாங்கிப் பின்வாங்கிக் காப்பாற்றியதே அவருடைய பெரிய திறமை. பிரெஞ்சுக்காரர் துணை சேர்ந்த பிறகு 1781-ல் யார்க்டவுனில் வென்றார். அடுத்து வந்தவர்கள் நெப்போலியனைப் பாடமாகப் படித்தனர். தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, பாய்ந்து, ஒரே பெரும்போரில் முடிவு காண்பது. பழைய துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும். ஆகவே பாய்ச்சல் பலித்தது. 1861-க்குள் உள்ளே புரி வெட்டிய குழல் துப்பாக்கி வந்து விட்டது. முந்நூறு கஜத்திலும் ஆளை வீழ்த்தும். ஆயுதம் மாறிற்று, பாடம் மாறவில்லை! அந்த இடைவெளியில்தான் ஆயிரம் ஆயிரமாக இளைஞர்கள் மாண்டனர்.

1862 பிப்ரவரியில் டானெல்சன் கோட்டையை வளைத்தார் கிராண்ட். நிபந்தனை பேச இடமில்லை, சரணடை என்றார். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். ஏப்ரலில் ஷைலோவில் எச்சரிக்கையின்றி இருந்தார். எதிரி விடியற்காலையில் பாய்ந்தான். அன்றிரவு கொட்டும் மழையில் மரத்தடியில் கிடந்தார். மறுநாள் எதிர்த்தாக்குதல் நடத்தி வென்றார். ஆனால் இருபுறமும் சேர்ந்து இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். நாடே திகைத்தது. கிராண்டை நீக்கு என்று கூக்குரல் எழுந்தது. லிங்கன் நீக்கவில்லை.

1863-ல் விக்ஸ்பர்க். மிசிசிப்பி ஆற்றின் மேல் குன்றிலே பீரங்கிகளோடு வீற்றிருந்த கோட்டை. வடக்கே சதுப்பு, மாதக்கணக்கில் முயன்றும் வழியில்லை. கிராண்ட் என்ன செய்தார்? படையை ஆற்றின் மறுகரை வழியே தெற்கே நடத்தினார். இரவிலே கப்பல்களைக் கோட்டைப் பீரங்கிகளின் வாய்க்கு நேரே ஓட்டிச் சென்றார். ஏப்ரல் 30-ல் ஆற்றைக் கடந்தார். மெக்சிகோவில் கண்டது நினைவுக்கு வந்தது. பண்ணைகளில் கிடைத்த தானியத்தையும் இறைச்சியையும் நம்பி நடந்தார். பதினேழு நாட்களில் ஐந்து போர்கள், ஐந்திலும் வெற்றி. எதிரிப் படைகள் இரண்டும் ஒன்று சேரா வண்ணம் நடுவே புகுந்து பிரித்தார். பிறகு முற்றுகை. ஜூலை 4-ல் சுமார் 30,000 பேர் சரணடைந்தனர். மூளைக்கு வேலையில்லை என்போர் இந்தப் பதினேழு நாட்களைப் படிக்க வேண்டும்!

1864 மார்ச்சில் தலைமைத் தளபதியானார். தலைநகரின் விடுதியிலே, புழுதி படிந்த உடையோடு வந்த அவரை அடையாளம் தெரியாமல் சிறிய அறையைக் காட்டினாராம் குமாஸ்தா. கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பதறினாராம்.

அதுவரை வடக்கின் படைகள் ஆளுக்கொரு காலத்தில் தாக்கின. ஒருவன் ஓயும்போது இன்னொருவன் கிளம்புவான். எதிரியோ ரயிலேறி, ஆபத்துள்ள இடத்துக்கு ஆளை மாற்றிக் கொள்வான். கிராண்ட் அந்த முறையை மாற்றினார். எல்லா முனையிலும் ஒரே நேரத்தில், இடைவிடாமல் தாக்க வேண்டும். வர்ஜீனியாவில் லீயின் படையைத் தாமே பற்றிக் கொள்வது. ஜார்ஜியாவில் ஷெர்மன் புகுவது. வேறு படைகள் பக்கங்களிலே இழுப்பது. நகரமல்ல குறி, எதிரியின் படையும் அதற்குச் சோறு போடும் ரயிலும் வயலுமே குறி. தந்திக் கம்பி வழியே நூற்றுக்கணக்கான மைல் தொலைவைக் கட்டி ஆண்டார். பக்கத்துப் படைகள் சில சொதப்பின. இரண்டு பெரும் படைகள் தவறவில்லை.

மே மாதம் வில்டர்னெஸ் காட்டுப் போர். பதினேழாயிரம் பேருக்கு மேல் இழப்பு. முந்தைய தளபதிகள் இப்படி அடிபட்டால் வடக்கே திரும்பி விடுவார்கள். அன்றிரவு படை புறப்பட்டது. சாலை பிரியும் இடம் வந்தது. வடக்கா, தெற்கா? கிராண்டின் குதிரை தெற்கே திரும்பியது. அடிபட்டுக் களைத்திருந்த அந்தச் சிப்பாய்கள் ஆரவாரம் செய்தனர்! இனி பின்வாங்கல் இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்து விட்டது.

குற்றமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜூன் 3-ல் கோல்ட் ஹார்பரில் அகழிகளை நோக்கி நேராகப் படையை ஏவினார். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீழ்ந்தனர். இரு தளபதிகளும் கடிதம் எழுதிக் கொண்டிருக்க, காயமுற்றோர் நடுவெளியில் நாட்கணக்கில் துடித்தனர். அந்தத் தாக்குதலுக்காக வருந்தியதாக அவரே எழுதினார். ஆறு வாரங்களில் இழப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல். கசாப்புக்காரர் என்ற சொல் பிறந்தது இங்கேதான். ஆனால் படையின் அளவைக் கொண்டு நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் லீயின் இழப்பே அதிகம் என்கின்றனர் ஆராய்ந்தோர். டானெல்சன், விக்ஸ்பர்க், அப்பமாட்டக்ஸ் என மூன்று முழுப் படைகளை உயிரோடு சரணடையச் செய்தவருக்குக் கசாப்புக்காரர் என்ற பெயர் பொருந்துமா?

செப்டம்பரில் ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்தார். நவம்பரில் லிங்கன் மீண்டும் வென்றார். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உள்ளிட்ட சுமார் 1,80,000 கறுப்பினத்தார் வடக்கின் படையில் சேர்ந்து போரிட்டனர். கைதிகளை மாற்றிக் கொள்ள லீ கேட்டபோது, கறுப்புச் சிப்பாய்க்கும் அதே நியாயம் உண்டா என்றார் கிராண்ட். முன்னாள் அடிமைகளுக்கு இல்லை என்று பதில் வந்தது. மாற்றமும் இல்லை என்று மறுத்து விட்டார்.

1865 ஏப்ரல் 9. அப்பமாட்டக்ஸ். லீ புத்தாடையில் வந்தார். கிராண்ட் சேறு தெறித்த சிப்பாய்ச் சட்டையில் வந்தார். பழி வாங்கவில்லை. ஆயுதத்தை வைத்து விட்டு வீடு செல்லலாம், உழவுக்குக் குதிரையைக் கொண்டு போகலாம் என்றார். பசித்திருந்த எதிரிக்கு உணவு அனுப்பினார். வெற்றிப் பீரங்கி முழங்கியபோது நிறுத்தச் சொன்னார்.

1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவர். கறுப்பின மக்களை வேட்டையாடிய கூக்ளக்ஸ் கூட்டத்தைச் சட்டத்தாலும் படையாலும் ஒடுக்கினார். ஆனால் நம்பிய நண்பர்களின் ஊழல் அவர் ஆட்சிக்குக் கறையானது. முதுமையிலும் ஒரு கூட்டாளி மோசம் செய்ய, 1884-ல் கையில் ஒன்றுமில்லை. தொண்டையில் புற்றுநோய். வலியோடு போராடிக் கொண்டே தன் வரலாற்றை எழுதி முடித்தார். சில நாட்களில், 1885 ஜூலை 23-ல் மறைந்தார். அந்த நூல் நாலு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டி அவர் குடும்பத்தைக் காத்தது.

எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் நெருக்கும் முறை 1944-ல் ஐசன்ஹோவர் காலத்திலும் தொடர்ந்தது. வியட்நாமிலோ அமெரிக்கத் தளபதிகள் பிணக் கணக்கை வெற்றிக் கணக்காக எண்ணினர். 1975-ல் சைகான் வீழ்ந்தது. கிராண்டின் பாடத்தில் பாதியைத்தான் அவர்கள் படித்திருந்தனர். மெக்சிகோப் போரை அநியாயம் என்றவர் அவர். தம் சிப்பாய் எதற்காகச் சாகிறான் என்பதை அறிந்து படை நடத்தியவர். அது தெரிந்ததால்தான் அடிபட்ட இரவிலும் சிப்பாய்கள் அவர் பின்னே தெற்கே நடந்தார்கள்.