அடுக்குகளை அளந்த அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

காவிரிக் கழனிகளிலிருந்து நெல்மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டியின் ஓசையை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்திட்ட வண்டிமை காய்ந்துவிட்டால் அச்சு அலறும், மாடுகள் இளைக்கும். இடையே நிற்கும் மெல்லிய பூச்சு உராய்வைத் தணிப்பது எங்ஙனம்? இவ்வினாவை நாம் தொடரும்போது எதிர்ப்படும் தமிழர் ஒருவர் உளர். அவர் உராய்வை நேரே ஆராய்ந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்துப் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், பின்னர்க் கல்கத்தாவில் சர் சி.வி. இராமனிடம் சேர்ந்தார். ஒளிச்சிதறல் பற்றிய 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பெற்றது. இதுபற்றி இன்றும் பலர் வருந்துவர். கிருஷ்ணனோ அதற்குள் டாக்காப் பல்கலைக்கழகத்தில் தமக்கெனத் தனிவழி வகுத்துக்கொண்டார்.

அவ்வழி எளியது. நாப்தலீன், ஆந்திரசீன் போன்றவற்றின் சிறு படிகத்தை நுண்ணிய குவார்ட்சு இழையில் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிட்டார். படிகம் எத்துணை வலிமையோடு எப்பக்கம் திரும்புகிறது என்று அளந்தே, உள்ளிருக்கும் தட்டையான மூலக்கூறுகள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்று உரைத்தார். விலையுயர்ந்த கருவி கேட்டுக் காத்திராத இம்மனத்தை நம் மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1933இல் கல்கத்தா திரும்பியபின், என். கங்கூலியோடு பென்சிற்கரியாகிய கிராபைட்டை ஆராய்ந்தார். அடுக்குக்குக் குறுக்கே அதன் காந்தப்பண்பு, அடுக்கின் வழியே உள்ளதைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்காக இருந்தது. அடுக்கினுள் கரியணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். அடுக்குகளுக்கிடையிலான பிணைப்போ மிகத் தளர்ந்தது. பென்சில் தாளில் வழுக்கிச் சுவடு பதிப்பது இதனால்தான். ஆயினும் அடுக்கு மட்டும் போதாது; காற்றின் ஈரமும் துணைசெய்யவேண்டும். வெற்றிடத்தில் கிராபைட்டின் வழுவழுப்பு குன்றிவிடும்.

1940இல் இலண்டன் அரச கழக உறுப்பினரான கிருஷ்ணன், 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகி, 1961இல் மறைந்தார்.

2016இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள், ஓரணுத் தடிப்புடைய கரிநாடாவைத் தங்கத்தின்மீது நுண்ணூசியால் இழுத்தனர். ஓலைபோல் வளையும் அந்நாடா ஏறத்தாழ உராய்வின்றியே நழுவியது. நாடாவின் அணு வரிசையும் தங்கத்தின் அணு வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமையால், பற்றிக்கொள்ளப் பள்ளமே இல்லை. அந்நாடாவைப் பின்னப் பயன்பட்ட மூலக்கூறு, இரண்டு ஆந்திரசீன் அலகுகளை இணைத்தது. கிருஷ்ணன் டாக்காவில் இழையில் தொங்கவிட்ட அதே ஆந்திரசீன்.