கொல்லிமலைப் பாட்டி



கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். இன்று காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மூன்று ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் செம்மேட்டை நெருங்கிவிடலாம். அன்னாசியும் மிளகும் காப்பியும் விளைகிற குளிர்ந்த பூமி அது. நூறு வருஷங்களுக்கு முன்போ, கீழ்நாட்டார் அந்த மலையை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சினார்கள். சிரித்துக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை ஒருபுறமிருக்க, உண்மையில் ஆளைக் கொன்றது மலைக்காய்ச்சல். மேலே போய் இரண்டு இரவு தங்கினவன் குளிர்காய்ச்சலோடு இறங்கி வருவான். சிலர் இறங்கி வரவே மாட்டார்கள். அதனால்தான் அதற்குக் கொல்லி என்று பேர் வந்தது என்று சொல்வோரும் உண்டு.

அந்த மலைக்குப் போய், அங்கேயே மூத்து, அங்கேயே மண்ணுக்குள் அடங்கிய ஒரு ஸ்திரீயின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் எவலின் பிராண்ட். மலைஜனங்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தார்கள்.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர்; பிரிந்த சகோதரர்களாகிய பாப்டிஸ்து சபையார். அப்படியானால் நம் பங்குத் தாளில் அவருக்கு ஏன் இடம் என்று கேட்பீர்களோ? எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கி எடுத்தவன் எந்த ஊரான், எந்த ஜாதியான் என்று நினைத்துப் பாருங்கள். அந்த உவமையை நமக்குச் சொன்னவர் சேசுநாதர்தாமே.

எவலின் அம்மாள் 1879-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஓவியம் பயின்றவர். நல்ல உடை, நல்ல வீடு, அன்பான சகோதர சகோதரிகள், எதற்கும் குறைவில்லை. அப்படிப்பட்டவர் 32-ஆம் வயதில், 1911-ஆம் ஆண்டில், வேதபோதகம் செய்யச் சென்னை வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1907-ஆம் ஆண்டில், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற வாலிபர் அதே சபையின் சார்பில் இந்தியாவுக்கு வந்திருந்தார். கொல்லிமலைவாசிகளுக்கு வைத்தியம் செய்வார் ஒருவரும் இல்லை என்பது அவருடைய மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கலியாணம் நடந்தது. புதுமணத் தம்பதிகள் குடித்தனம் செய்யப் போன இடம் மலைமேல் உள்ள வாழவந்தி. மறு வருஷம் மூத்த மகன் பால் பிறந்தான். சில வருஷங்களுக்குப் பின் ஒரு மகள்.

இருவரும் பட்டம் பெற்ற டாக்டர்கள் அல்லர். வெப்பநாட்டு வியாதிகளைப் பற்றிப் பிராண்ட் துரை கொஞ்சகாலம் பாடம் கேட்டிருந்தார், அவ்வளவே. ஆயினும் பல் பிடுங்கினார், கட்டி கீறினார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். தச்சு வேலையும் செங்கல் அறுப்பும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் கற்பித்தார். ஜனங்கள் மருந்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போனார்கள்; போதனையைக் கேட்கவோ ஆளில்லை. மலையில் செல்வாக்குள்ள பூசாரி ஒருவர் அவர்களை நெருங்கவேண்டாம் என்று தடுத்தும் வந்தார். வருஷங்கள் இப்படியே கழிந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1918-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், இன்புளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகையே சுற்றி வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அது மலைமேலும் ஏறியது. ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் மறுநாள் எல்லாரும் படுத்தார்கள். திடமாயிருந்தவர்கள் பயந்து ஓடினார்கள். காய்ச்சலின் கொடுமையால் இறந்தவர்கள் பலர். ஒரு வாய்க் கஞ்சியோ தண்ணீரோ கொடுக்க ஆளில்லாமல் இறந்தவர்களும் உண்டு. அந்தக் காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. பிராண்ட் தம்பதிகளிடமும் இல்லை. அவர்கள் பெரிய பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராய்ச் சுமந்துபோய், குடிசைக்குள் குனிந்து நுழைந்து, படுத்திருந்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். கஞ்சியும் தண்ணீரும் பக்கத்தில் ஒரு மனிதரும் இருந்தால், சாகப்போகிற பலர் பிழைத்துக்கொள்வர். அன்றைய வைத்தியம் அதுதான்.

முன்சொன்ன பூசாரியும் அவர் மனைவியும் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். அவரை மதித்து வந்தவர்கள் ஒருவரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வந்தவர்கள் அவர் வெறுத்த இந்த வெள்ளைக்காரர் இருவரும்தான். இறக்கும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. அந்தப் பிள்ளைகள் பிராண்ட் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். ஜனங்களுடைய மனம் திறந்தது அதன் பிறகுதான். ஓடிப்போனவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தனர். வியாதி எப்படிப் பரவுகிறது என்பதையோ அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை.

வியாதியஸ்தருக்கு இரங்கினால் மட்டும் போதாது, வியாதியின் வேரையும் அறுக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரியம் சொல்லுகிறேன். பெரியவர்களுக்கு நரம்புச் சிலந்தி ஞாபகமிருக்கும். காலில் ஒரு கொப்புளம் எழும்பி உடையும், நெருப்பாய் எரியும், அதிலிருந்து நூல்போன்ற வெள்ளைப் புழு தலை நீட்டும். இரண்டு மூன்று அடி நீளம் இருக்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் காலே புரையோடிப்போகும். வேலை செய்யும் காலத்தில் வாரக்கணக்காய் முடங்கிக் கிடந்து, குடும்பமே பட்டினி கிடக்கும்.

இந்தப் புழு எங்கிருந்து வருகிறது? நோயாளி எரிச்சல் தாங்காமல் இறங்குகிணற்றிலோ குட்டையிலோ காலை நனைப்பார். அந்தக் கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றை நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் விழுங்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கிறவன் உடம்பில் ஒரு வருஷம் கழித்துக் கொப்புளம் எழும்பும். இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது, இன்றுவரை கிடையாது. செய்யவேண்டியது மூன்றே: கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது, தண்ணீருக்குள் கால் வைக்காமல் மேலிருந்து இறைப்பது, துணியில் வடிகட்டிக் குடிப்பது. துரையும் அம்மாளும் புழுவைச் சுற்றி எடுத்ததோடு நில்லாமல், ஊர் ஊராய் இதைச் சொல்லிவந்தார்கள். பாட்டன் காலத்துக் கிணற்றை மாற்றுவது லேசா? கஞ்சி கொடுத்த கை சொன்னதால் ஜனங்கள் கேட்டார்கள்.

அவர்கள் பயமே அறியாதவர்கள் என்று எண்ணவேண்டாம். ஒருநாள் குஷ்டரோகிகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். துரை கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டினார். அம்மாள் கூடையில் சாமான்கள் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாதென்று கண்டிப்பான உத்தரவு. அவர்கள் போனபின் கூடையை நெருப்பில் போட்டு, அவர்கள் இருந்த இடத்தைச் சுத்தி செய்தார்கள். எவ்வளவோ வியாதிகளைத் தொட்ட கைகள் அந்த ஒரு வியாதிக்குமுன் தயங்கின. தூர நின்று அதைப் பார்த்திருந்த சிறுவன் பால் ஆயுளுக்கும் அதை மறக்கவில்லை.

1923-ஆம் ஆண்டில் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. தகப்பனாரை அவன் மறுபடி காணவேயில்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலைக்காய்ச்சல் முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய ஜுரத்தில் பிராண்ட் துரை மலையிலேயே காலமானார். வயது 44. மரணச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பின்னும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் மகனுக்கு வாரக்கணக்காய் வந்துகொண்டேயிருந்தன. தாய்மாரே, தகப்பன்மாரே, அந்தப் பிள்ளையின் மனநிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிறர்சிநேகம் என்று நாம் லேசாய்ச் சொல்லுகிற புண்ணியத்துக்கு அந்தக் குடும்பம் செலுத்திய விலை அது.

விதவையான அம்மாள் இங்கிலாந்து போய்த் தேறி, மறுபடி இந்தியாவுக்கு வந்தார். பிற்காலத்தில் அவருக்கு 70 வயது நெருங்குகையில், இனி ஓய்வெடுங்கள் என்று சபையார் கட்டளையிட்டனர். அதிலும் நியாயமில்லாமல் இல்லை. அந்த வயதில் மலையில் விழுந்து கால் ஒடிந்தால் யார் தூக்குவது? அம்மாள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஓய்வு பெற்றார். பெற்றபின், தம் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலையேறினார்! பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை என்று, வைத்தியர் எட்டிப் பாராத மலைகளில் எல்லாம் மட்டக்குதிரை மேல் போனார். விழுந்தார்; எலும்பு முறிந்தார்; மறுபடி எழுந்தார். முடிவில் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். கடைசி 20 வருஷம் அவர் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடி இல்லை. அவர் இல்லாத இடத்தில் குணமாகாமல் கிடப்பவர் யார் என்பதே அவர் கவலை.

மகன் பால் டாக்டராகி 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு வருஷம் செங்கற்பட்டுக் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போனவர், மடங்கிப்போன கைகளை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தார். குஷ்டத்தால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போவதால் சூடும் காயமும் தெரியாமல்தான் கையும் காலும் அழிகின்றன என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் விளக்கிக் காட்டினார்கள். தசைநாண்களை மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். தகப்பனார் கையுறையோடு செய்த காரியத்தை மகன் அறிவின் துணைகொண்டு கையுறையின்றிச் செய்தார். பிச்சைக்கு நீண்ட கைகள் தொழில் செய்யும் கைகளாயின.

பாட்டி 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி, 95-ஆம் வயதில் கண் மூடினார். 45 வருஷங்களுக்கு முன் துரையை அடக்கம் செய்த அதே மலையில், அவர் அருகிலேயே அம்மாளையும் அடக்கம் செய்தார்கள். அதற்குப்பின் நடந்ததையும் கேளுங்கள். இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் தேசம் அந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. மருந்தே இல்லாத ஒரு வியாதியை, சுவரும் துணியும் வீடு வீடாய்ப் போய்ச் சொன்ன வாய்களும் ஒழித்துவிட்டன! குஷ்டரோகமோ இன்று மாத்திரைகளால் முற்றிலும் குணமாகும். அரசாங்கமே அவற்றை இலவசமாய்க் கொடுக்கிறது.

ஆனால் பயம் ஒழிந்ததா? 2020-ஆம் ஆண்டில், நோயாளிகளைக் கவனித்துக் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் ஜனங்கள் கல்லும் தடியும் எடுத்து விரட்டினார்கள். படிப்பும் பத்திரிகையும் இல்லாத மலையில் நடந்ததல்ல இது. படித்த பட்டணத்தில் நடந்தது. காசநோய் கண்ட மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? புற்றுநோயென்று தெரிந்ததும் வாசற்படி ஏறாமல் நின்றுவிட்ட உறவினர் இல்லையா? சித்தம் கலங்கிய பிள்ளையைப் பங்கார் கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்திருக்கும் தாய் இல்லையா?

பயம் வருவது பாவமல்ல. பயத்தைச் சாக்காக வைத்து ஒருவனைத் தனியே சாகவிடுவதுதான் பாவம். ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, அறிந்துகொள்ளுங்கள்: எந்த வியாதி எப்படிப் பரவும், எது பரவவே பரவாது என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மருந்து இலவசம், இடையில் நிறுத்தாமல் சாப்பிடுவதே முக்கியம். இரண்டாவது, உங்கள் தெருவில் பூசைக்கு வரமுடியாமல் படுத்திருப்பவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போங்கள். பெரிய உபதேசம் ஒன்றும் வேண்டாம். ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுபோய், அருகில் உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை இருங்கள்.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும், வீடுகளில் நோயுற்றிருப்போரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்