கிட்னி டாக்டர் கலக்கிய உப்புத் தண்ணி

வெள்ளகோவில் வெயிலில் கிரிக்கெட் ஆடிட்டு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்குறீங்களா? அதுக்கு மார்க்கெட் உண்டாக்கியவர் ராபர்ட் கேட். 1927-ல் டெக்சாஸில் பிறந்த கிட்னி டாக்டர்.

மேட்ச் முடிஞ்சும் பசங்களுக்கு யூரினே வரலையே ஏன் என்று, 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் கோச் ஒருவர் டாக்டர் டீமிடம் விசாரித்தார். எல்லாம் வியர்வையில் போகுது! உப்பு, சர்க்கரை கலந்த தண்ணியைத் தயாரித்தார் டாக்டர். வாயில் வைக்க முடியலை. எலுமிச்சை பிழியச் சொன்னது மனைவி மேரி. ஃபுட்பால் டீம் பெயர் கேட்டர்ஸ்; பானம் கேட்டரேட்.

பல்கலைக்கழகம் முதலில் கண்டுக்கலை. 1967-ல் ஸ்டோக்லி வேன் கேம்ப் கம்பெனி வாங்கி விற்றது. காசு கொட்டியதும் பல்கலைக்கழகம் கோர்ட்டுக்குப் போச்சு! 1972-ல் சமரசம், ராயல்ட்டியில் 20 சதவிகிதம் அதுக்கு. 2001-ல் பிராண்ட் பெப்சிகோ கைக்குப் போனது. டாக்டர் 2007-ல் மறைந்தார்.

ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற ஆட்டத்துக்குத் தண்ணியே போதுங்க. அதுக்கு மேலன்னா, நம்ம தோப்பு இளநீரில் பொட்டாசியம் தாராளம், குறைச்சல் சோடியம்தான். அந்த ஒரு சிட்டிகை உப்பைச் சரியா சேர்த்து பாட்டிலில் அடைக்கிறவருக்கு, இந்த ஊரிலேயே மார்க்கெட் காத்திருக்கு.