கல்லறை இல்லாத பயிற்றுநர்

அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பேஸ்போல் வீரர்களுக்கென ஒரு புகழ்மண்டபமும் அருங்காட்சியகமும் உண்டு. 1939ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வீரர்கள் பிடித்த மட்டைகளையும் அணிந்த கையுறைகளையும் அவர்தம் முகம் பொறித்த வெண்கலப் பலகைகளையும் காண மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கு செல்கின்றனர். அதே நாட்டிலிருந்து நம் வாவிக்கரைக்கு வந்து பந்து விளையாட்டைக் கற்பித்த குரு ஒருவருக்கோ மலர் வைக்க ஒரு கல்லறைகூட இல்லை. அவர்தாம் இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார்.

1923இல் லூசியானா மாநிலத்தில் பிறந்த அவர், 1948இல் இலங்கைக்கு வந்தார். நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் பலர் அக்காலத்தில் கிழக்கிலங்கையை நாடி வந்தனர். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு நகர விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. ஹேபியர் அடிகளாரோ மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மாணவருக்குக் கூடைப்பந்தைப் பயிற்றுவித்தார்.

அவர் நாட்டில் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று 1891இல் உருவான விளையாட்டு அது. வெயில் கொளுத்தும் நம் மண்ணுக்கு அது பொருந்தியது வியப்பே. ஆயினும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனினும் ஏற்ற விளையாட்டு வேறு எது? பத்துப் பேருக்கு ஒரே பந்து போதும். மட்டையும் வேண்டாம், காலுறையும் வேண்டாம். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நடக்க எவருக்கும் உரிமை இல்லை. தட்டிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பின்னாளில் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்கல்வி அளிக்கும் நிலையத்தை அடிகளார் நடத்தினார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் பலியாயினர். அதே நாட்களில் தமிழரும் தெருக்களிலும் கிராமங்களிலும் மாண்டனர். அயலார் அயலாரை அஞ்சிய வேளை அது. வெளிநாட்டவரான அவர் விமானம் ஏறியிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ சமாதானக் குழுவில் இணைந்து, அல்லற்பட்ட மக்களுடனேயே தங்கினார்.

ஆபத்தில் இருந்த அருட்சகோதரிகளுக்கு உதவ அவர் வாழைச்சேனைக்குச் சென்றிருந்தார். ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, தமிழ் இளைஞர் ஒருவருடன் மோட்டார் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். வழியில் ஏறாவூரைக் கடக்க வேண்டும். இருவரும் வந்து சேரவில்லை. கொண்டுசென்றவர் யார் என்பது இதுவரை எந்த மன்றிலும் நிறுவப்படவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66. நம் மண்ணில் அவர் வாழ்ந்தது 42 ஆண்டுகள்.

உடன் சென்ற அந்த இளைஞருக்கும் கல்லறை இல்லை.